ஆறெல்லாம் கன்னியாகுமரிக்குத்தானே போகணும், டீச்சர்?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. இரண்டும் சேர்த்து 19 பிள்ளைகள். போன வாரம் இந்திய வரைபடத்தைச் சுவரில் மாட்டி ஆறுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், மேலே இமயமலை இருக்கு, கீழே கன்னியாகுமரி இருக்கு. அப்ப ஆறெல்லாம் கன்னியாகுமரிக்குத்தானே போகணும்? காவேரி ஏன் பக்கவாட்டுல போகுது?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. "அது அப்படித்தான்பா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. 38 மாவட்டங்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளி வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? பள்ளியில் இருக்கிற தமிழ்நாடு வரைபடமோ 32 மாவட்டம் போட்ட பழையது. பேசாமல் செல்போனில் மேப்பைக் காட்டிவிடலாமா? பாடத்தை முடிக்க வேண்டிய அவசரமும் இருக்கிறது.
— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முதல் வேலையாக அந்தப் பையனிடம், "நீ அன்னைக்குக் கேட்டது சரியான கேள்வி, எனக்குத்தான் அப்போ பதில் வரலை" என்று மற்ற 18 பேர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். சிரித்தவர்கள் காதில் விழட்டும். அவன் யோசித்ததில் ஒரு தப்பும் இல்லை. தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும். இது அவன் கண்ணால் பார்த்தது. வடக்கு மேலே, தெற்கு கீழே. இது நாம் சொல்லிக் கொடுத்தது. இரண்டையும் சேர்த்தால் காவிரி கன்னியாகுமரிக்குத்தான் போயாக வேண்டும். அவன் கணக்கு சரி. நாம் கொடுத்த தகவல்தான் கோணல்.

இந்தக் குழியில் உங்களுக்கு முன்பே விழுந்து எழுந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு சின்ன ஊர்ப் பள்ளி. கரும்பலகை தெற்குச் சுவரில். அதன் மேல்தான் வரைபடத்தை மாட்டி, "மேலே வடக்கு, கீழே தெற்கு, வலது கிழக்கு, இடது மேற்கு" என்று ஒரு மாதம் பாட்டாகவே பாட வைத்திருந்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "வடக்கு எங்கேப்பா?" என்று கேட்டார். முப்பது கைகள் ஒரே நேரத்தில் கூரையைக் காட்டின. ஒரு பெண் மட்டும் எனக்கு எதிரே, வாசலுக்கு வெளியே கை நீட்டினாள். அவள் சொன்னதுதான் சரி. அவளுக்குப் பாட்டு சரியாக வராது. சாயங்காலம் ஆடு பற்றிக்கொண்டு போகிறவள். அதிகாரி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பையனின் கேள்விக்குப் பதில் நம் மொழியிலேயே இருக்கிறது. கிழக்கு என்ற சொல்லுக்குள் 'கீழ்' இருக்கிறது, மேற்கு என்ற சொல்லுக்குள் 'மேல்' இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே கடல் என்று சாய்ந்து கிடக்கிற நிலத்தில் வாழ்ந்தவர்கள் திசைக்கு வைத்த பெயர் அது. இன்றைக்கும் ஊருக்கு ஊர் மேலத்தெரு மேற்கில் இருக்கிறது, கீழத்தெரு கிழக்கில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் போனால் கதை மாறிவிடும். கேரளத்தில் மலை இருப்பது கிழக்கே, கடல் இருப்பது மேற்கே. அங்கேயும் கிழக்கைக் 'கிழக்கு' என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் மேற்குக்கு ஞாயிறு படிகிற இடம் என்ற பொருளில் 'படிஞ்ஞாறு' என்று வேறு சொல். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் ரசிப்பதற்காகச் சொன்னேன்.

ஆகவே அவனிடம் சொல்லுங்கள்: "நீ சொன்ன மாதிரியே தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடுது. நம்ம ஊர்ல மேல்னா மேற்கு, கீழ்னா கிழக்கு." குடகு மலையில் தலைக்காவிரி கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது, பூம்புகாரில் காவிரி கடலில் சேருகிறது. நடுவில் சுமார் 800 கிலோமீட்டரும் இறக்கம்தான். வைகையும் தாமிரபரணியும் மலையில் பிறந்து கிழக்குக் கடலுக்கே போகின்றன. கூடவே ஒரு முடிச்சையும் போட்டு வையுங்கள். நர்மதை மேற்கே ஓடுகிறது. காசியில் கங்கை வடக்குப் பார்த்து ஓடுகிறது. காசிக்குப் போய் வந்த தாத்தா பாட்டி யாராவது ஊரில் இருந்தால் அவர்களைக் கேட்டுவரச் சொல்லலாம். நைல் நதி வரைபடத்தில் 'கீழிருந்து மேலே' ஏறிப் போகிற மாதிரித் தெரியும். எந்தத் திசையில் பள்ளமோ அந்தத் திசையில் ஆறு. தாளின் மேல் ஓரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது இப்படி நாலு ஆற்றைப் பார்த்தால் அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரிப்பதிலிருந்து தொடங்குங்கள். வடக்கு ஓரம் நிஜமான வடக்கைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போடுங்கள். பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். கன்னியாகுமரியின் பக்கம் உட்கார்ந்தவன் இமயமலையைப் பார்க்கும்போது அவன் முகம் நிஜமாகவே இமயமலை இருக்கிற பக்கம் திரும்பியிருக்கும். கட்டாயம் ஒரு விதியும் வைத்துக்கொள்ளுங்கள்: வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது மேலே, கீழே என்ற சொற்களை யாரும் சொல்லக் கூடாது. நீங்களும்தான். அந்த இரண்டு சொற்களையும் மேடு பள்ளத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். முதல் வாரம் உங்கள் வாய் அடிக்கடி தவறும். பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்துவார்கள், பாடம் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

சரி, நிஜமான வடக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? "சூரியன் உதிக்கும் திசை கிழக்கு" என்பது மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில்தான் துல்லியமாகப் பொருந்தும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் உங்கள் ஊரில் சூரியன் கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. கிட்டத்தட்ட இரண்டரை முஷ்டி வித்தியாசம் என்றால் சின்ன விஷயமா?

குச்சியும் கயிறும் போதும். வெயில் படுகிற இடத்தில், மண்ணுக்கு வெளியே ஒரு மீட்டர் உயரம் நிற்கிற மாதிரி ஒரு குச்சியை நடுங்கள். தூக்குக்குண்டு பிடித்து நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கொத்தனார் வீட்டுப் பிள்ளை இருந்தால் அந்த வேலையை அதனிடம் விட்டுவிடுங்கள், உங்களைவிட நன்றாகப் பார்க்கும். காலை பத்தரை மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். குச்சியின் அடியில் கயிற்றைக் கட்டி, அந்தக் கல் வரை நீளம் பிடித்து மண்ணில் வட்டம் போடுங்கள். நேரம் ஆக ஆக நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போய்விடும். மதியத்துக்குப் பிறகு நீண்டு, இரண்டு மணி வாக்கில் மறுபடி வட்டத்தைத் தொடும். அங்கே இரண்டாவது கல். இரண்டு கல்லையும் நூல் பிடித்து இணைத்தால் அதுதான் கிழமேற்குக் கோடு. குறுக்கே செங்குத்தாக ஒரு கோடு போட்டால் தென்வடல். கோயில் கட்டுகிறவர்கள் 'சங்கு' என்கிற முளைக்குச்சியை நட்டுத் திசை பார்த்த முறை இதுதான். வகுப்பு நேரத்தில் மூன்று முறை ஐந்தைந்து நிமிடம் வெளியே போய் வந்தால் முடிந்தது. அந்தக் கோட்டைச் சுண்ணாம்பில் அழுத்தமாகப் போட்டு வைத்தால் வருஷம் முழுக்கப் பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும்" என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். நானும் படித்துவிட்டு, ஒரு ஜூன் மாதத்தில் திடலில் நின்று அப்படியே சொன்னேன். நிழல் தெற்கே விழுந்து கிடந்தது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறவர்களுக்குச் சரியான விஷயத்தை நமக்கும் சரி என்று நினைத்ததால் வந்த வினை. புதுக்கோட்டையில் ஏப்ரல் 17 வாக்கில் நடுப்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் 26 வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்பும். இடைப்பட்ட நாலு மாதத்துக்கும் நடுப்பகல் நிழல் தெற்கே. ஜூன் 21 அன்று உங்கள் ஒரு மீட்டர்க் குச்சிக்கு நிழல் தெற்கே ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். டிசம்பர் 21 அன்று வடக்கே 67 சென்டிமீட்டர். உங்கள் ஊரில் நடுப்பகல் என்பது கடிகாரத்தில் பன்னிரண்டு மணி இல்லை, பெரும்பாலும் பன்னிரண்டேகாலை ஒட்டி. மாதத்துக்கு ஒரு நாள் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு அளவைப் பாடம் தனியாக நடத்த வேண்டியிருக்காது.

திசை கிடைத்ததும் சொற்களைக் கொடுங்கள். உங்கள் ஊர்ப் பத்திரங்களில் "கிழமேலடி இத்தனை, தென்வடலடி இத்தனை" என்று இருக்கும். நான்கெல்லையும் எழுதியிருக்கும்: இன்னதற்கு வடக்கு, இன்னதற்குக் கிழக்கு என்று. பள்ளிக்கூடத்துக்கு அதே மாதிரி ஒரு பத்திரம் எழுதச் சொல்லுங்கள். "கண்மாய்க்கு மேற்கு, தார் ரோட்டுக்குத் தெற்கு, புளியமரத்துக்குக் கிழக்கு" என்று எழுதும்போதுதான் திசை என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்று உறைக்கும். பள்ளி கண்மாய்க்கு மேற்கே என்றால், கண்மாய் பள்ளிக்குக் கிழக்கே. இந்தத் திருப்பத்தில் பாதிப் பேர் தடுமாறுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள். எட்டு ஒன்பது வயதில் அந்தத் தடுமாற்றம் இயல்பு. காற்றுக்கும் திசைப்பெயர் உண்டு: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் மாவட்டத்தை உலுக்கிப் போட்டது. அன்று ராத்திரி முதலில் எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தது, அப்புறம் எந்தப் பக்கம் திரும்பியது, தென்னைகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ராத்திரி நினைவில் இருக்காது. ஆனால் அதை மறந்த பெரியவர் ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார்.

அடுத்தது வரைபடம் என்ற பொருளையே புரிய வைப்பது. மேலிருந்து பார்ப்பதுதான் வரைபடம் என்று நாம் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஒரு டம்ளரைத் தரையில் வைத்து, நின்றுகொண்டு நேர் மேலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் டம்ளரின் பக்கவாட்டு உருவத்தைத்தான் வரைவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த டம்ளர் அது. வட்டம் மட்டும் வரைய ஒரு துணிச்சல் வேண்டும். டம்ளர், சொம்பு, ஜாமெட்ரி பாக்ஸ், செருப்பு என்று நாலைந்து பொருள் போன பிறகு வகுப்பறைக்கு வாருங்கள். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு காலடி. இரண்டு பேர் தனித்தனியே அளந்தால் ஒருவனுக்கு 18 காலடி, இன்னொருத்திக்கு 21 என்று வந்து நிற்கும். சண்டை வரட்டும். எல்லாருக்கும் பொதுவான அளவு ஏன் வேண்டும் என்பதை அந்தச் சண்டை சொல்லிக் கொடுத்துவிடும்.

சண்டை ஓய்ந்ததும் ஒரு கதை சொல்லுங்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து ஒரு நேர்கோட்டை அளந்தார். அதை அடிப்படையாக வைத்துத்தான், முக்கோணம் முக்கோணமாக இந்தியாவையே அளந்துகொண்டு போனார்கள். கோணம் பார்க்கிற அவருடைய தியோடலைட் கருவி அரை டன் கனம். தஞ்சாவூர்ப் பக்கம் தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்ததால், 1808இல் அந்தக் கருவியைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றப் பார்த்தார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் தளரவில்லை, வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே தட்டி நிமிர்த்தினார். தஞ்சாவூர் உங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போனால் அண்ணாந்து பார்த்து, எங்கே மோதியிருக்கும் என்று கேட்பார்கள்.

இதற்கெல்லாம் பிறகு கண்மாய். என்னைக் கேட்டால், உங்கள் மாவட்டத்துக் கண்மாயைவிட நல்ல புவியியல் பாடப்புத்தகம் கிடையாது. ஜூன், ஜூலையில் காய்ந்து கிடக்கும்போது கூட்டிக்கொண்டு போங்கள். கரை வில் மாதிரி வளைந்திருக்கும். பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ, அதாவது பள்ளமான பக்கம் இருக்கும். "கரையை ஏன் நாலு பக்கமும் கட்டவில்லை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை, "அந்தப் பக்கம்தான் தண்ணி வரும், அடைச்சா எப்படி வரும்?" என்று சொல்லும். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மடை எந்த வயலுக்குத் திறக்கிறது, நிறைந்தால் கலுங்கு வழியாக வழிகிற தண்ணீர் அடுத்து எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் பாக் நீரிணைக் கடலில் வந்து நிற்பீர்கள். மேல், கீழ் என்று அந்தப் பையன் கேட்ட கேள்வி அங்கே காலுக்கடியில் பதிலாகக் கிடக்கும். அவனையே கரைமேல் நின்று விளக்கச் சொல்லுங்கள். மழை தொடங்கியதும் மறுபடி ஒரு முறை, கரையோடு நின்று தூரத்திலிருந்து பார்க்கலாம். உங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் கண்மாயை நிரப்பும். தண்ணீர் இருக்கும்போது பிள்ளைகளை அருகே விடாதீர்கள். ஒருவராகக் கூட்டிப் போகவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்கள் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். கண்மாயைப் பற்றி நமக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஊர்ப் படம் வரையும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். "உன் வீட்டைக் குறி, தெருவின் பெயரை எழுது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். நம் ஊர்களில் தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப் போவதாக 2025இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கும் அளவுக்கு அந்தச் சொல்லில் வலி இருக்கிறது. கோயிலையும் மந்தையையும் நடுவில் வைத்து வரைந்தால் சில பிள்ளைகளின் வீடு தாளுக்கு வெளியே போய்விடும். பள்ளியை நடுவில் வையுங்கள். 19 வீடுகளும் தாளுக்குள் வருகிற மாதிரி அளவைத் தேர்ந்தெடுங்கள். நடந்து பார்ப்பதென்றால் எல்லாத் தெருவுக்கும் நடங்கள். ஒரு தெருவை விட்டுவிட்டால் ஏன் விட்டோம் என்று பிள்ளைகளுக்குப் புரியாமல் போகாது.

பழைய வரைபடத்தைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! 2019இல் ஐந்து மாவட்டங்கள் புதிதாக வந்தன: கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர். 2020இல் மயிலாடுதுறை வந்து 38 ஆனது. புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து எது எதிலிருந்து பிரிந்தது என்று தேட விடுங்கள். உங்கள் மாவட்டமே நல்ல உதாரணம். 1948 வரை புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம். அந்த வருஷம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. ஊரில் எண்பது வயசு தாண்டிய ஒரு பாட்டி, வீட்டை விட்டு நகராமலேயே சமஸ்தானத்தில் பிறந்து, திருச்சி மாவட்டத்தில் கல்யாணம் செய்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் பேரன் பேத்தி எடுத்திருப்பார். கண்மாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கோடு மட்டும்தான் மாறியது.

38 பெயரை ஒப்பிக்கிறார்கள் என்றால் ஒப்பிக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் பக்கத்து மாவட்டங்களைக் காலால் தெரிந்துகொள்ளட்டும். திடலில் நீங்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் நடுப்புள்ளிதான் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து திருச்சி பஸ்ஸும் தஞ்சாவூர் பஸ்ஸும் வடக்கே, ஒன்று கொஞ்சம் மேற்கே சாய்ந்து, மற்றது கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடிக்குப் போகிறவன் தெற்கே. அறந்தாங்கி பஸ் தென்கிழக்கே. அதிலேயே போய்க்கொண்டிருந்தால் கடல். ஐவகை நிலம் பாடம் வரும்போது நெய்தலுக்கு வேறெங்கும் போக வேண்டாம், ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது இந்த வயதில் சிக்கலான விஷயம். "நீ புதுக்கோட்டையில இருக்கியா, தமிழ்நாட்டுல இருக்கியா?" என்று கேட்டுப் பாருங்கள்; ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அடுக்கு டப்பாக்கள் உதவும். அதைவிட நன்றாக உதவுவது பின்கோடு. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் எல்லாம் அடங்கிய பெரிய டப்பா. முதல் மூன்று எண் சேர்ந்து 622 என்றால் புதுக்கோட்டை வட்டாரம். கடைசி மூன்று எண் உங்கள் தபால் நிலையம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கே ஒரு தபால் கார்டு எழுதிப் பெட்டியில் போடட்டும். கார்டு வந்து சேருகிற நாளில் பாருங்கள்.

செல்போன் மேப்பைக் காட்டலாம், ஆனால் கடைசியில். முதலிலேயே காட்டினால் நீங்களும் பிள்ளைகளும் அந்த நீலப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் கண்மாயை வரைந்து முடித்த பிறகு, செயற்கைக்கோள் படத்தில் அதே கண்மாயைக் காட்டுங்கள். நம் விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் புவன் தளத்திலும் பார்க்கலாம். "நான் போட்ட வளைவு சரியா இருக்கு டீச்சர்" என்று ஒரு சத்தம் வரும். இன்னொன்று, போனில் இருக்கிற திசைகாட்டியை இரும்பு பெஞ்சுப் பக்கமோ தகரக் கொட்டகையிலோ வைத்துப் பார்க்காதீர்கள், தாறுமாறாகக் காட்டும். குச்சி நிழல் பொய் சொல்லாது.

போனுக்கு இன்னொரு நல்ல வேலை உண்டு. உங்கள் பக்கத்தில் அப்பா சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். இங்கே சாயங்காலம் ஆறு மணி ஆகும்போது சிங்கப்பூரில் இரவு எட்டரை, கத்தாரில் பிற்பகல் மூன்றரை. இரண்டு பக்கமும் சரியாக இரண்டரை மணி நேரம். "எங்கப்பா இருக்கிற இடத்துல இருட்டிடுச்சு", "எங்கப்பா இருக்கிற இடத்துல வெயில் அடிக்குது" என்று இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் சொல்ல, நீங்கள் நடுவில் ஒரு பந்தையும் டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பூமி சுற்றுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்காது. அப்பா ஊரிலேயே இருக்கிற பிள்ளைகளுக்குப் பந்தைச் சுற்றுகிற வேலையைக் கொடுங்கள்.

பாடம் முடிப்பதைப் பற்றி: நான் சொன்னதில் முக்கால்வாசி உங்கள் புத்தகத்தில் இருப்பதுதான், வரிசைதான் வேறு. பாடக்குறிப்பில் திசைகள், வரைபடம், நீர்நிலைகள், மாவட்டம் என்று அந்தந்தத் தலைப்பிலேயே எழுதிக்கொள்ளலாம். அளப்பதையெல்லாம் கணக்குப் பாட வேளையில் செய்யுங்கள், பத்திரம் எழுதுவதைத் தமிழ்ப் பாட வேளையில்.

கடைசியாக ஒரு வேலை. ஆகஸ்ட் 26 அன்று பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் குச்சியைச் சுற்றி நிற்க வையுங்கள். 12.17 வாக்கில் நிழல் குச்சியின் அடிக்குள் போய் மறைந்துவிடும். பிள்ளைகளின் நிழலும் அவரவர் காலடியில் ஒண்டிக்கொள்ளும். மேகமாக இருந்தால் மறுநாள் பாருங்கள், ஒரு நாள் தள்ளினாலும் நிழல் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அந்தப் பையன் அன்றைக்கு என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள். நிச்சயம் ஏதாவது கேட்பான்.